மேட்ச் பார்த்துக்கொண்டே உருப்படியாக வாதாடுவது எப்படி

கோத்தகிரியில் எங்கள் கூட்டம் பிரீமியர் லீக் பார்ப்பது ஒரு பேக்கரியின் மாடியில். சனிக்கிழமை மேட்ச் குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30க்குத் தொடங்கும். மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த பிறகு 7.30. தேயிலை ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடித்தவர்கள், அரவேணுவிலிருந்து பைக்கில் வருபவர்கள், காலேஜ் பசங்க என்று எல்லோரும் இருப்பார்கள். டீயும் வர்க்கியும் கைக்கு வந்ததும் சத்தம் ஆரம்பமாகிவிடும். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். பேசாமல் உட்கார்ந்து மேட்ச் பார்க்க என்னால் முடியவே முடியாது. ஆனால் "ரெஃப்ரி காசு வாங்கிட்டான்", "கோச்சுக்கு ஒண்ணும் தெரியல" என்ற இரண்டு வசனத்தோடு பேச்சு நின்றுபோனால் 90 நிமிஷமும் வீணாகிவிடுகிறது என்று வருத்தப்படுவேன்.

வாரநாட்களில் நான் பச்சைத் தேயிலை ஏற்றுகிற பிக்கப் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காந்தி மைதானத்தில் உள்ளூர் மேட்சுகளுக்கு லைன்மேனாகக் கொடி பிடிக்கிறேன். கோட்டோரம் ஓடி ஓடி எனக்குப் பழகிப்போன ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மேட்சைப் பற்றி நன்றாகப் பேச ஆசை இருந்தால், சரியான நேரத்தில் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கப் பழகுங்கள். ரெஃப்ரி, டாக்டிக்ஸ், மேனேஜர் மூன்றுக்கும் இது பொருந்தும். சண்டைக்குக் காரணமான சமாசாரம் பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில்தான் நடந்திருக்கும்.

உட்காருவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. போனில் ஸ்கோர் ஆப் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். நெட்டில் வரும் ஒளிபரப்பு நிஜ ஆட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் ஓடும். பெனால்டி அடிப்பதற்கு முன்பே ஒருவர் போனில் "கோல்" என்று மின்னினால் மாடி முழுக்கச் சப்பென்று ஆகிவிடும்.

ஆஃப்சைடு

எதிர் டீமில் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளையும் பந்தையும் தாண்டி, அவர்கள் கோல் பக்கம் நிற்பவனுக்குப் பந்து கொடுத்தால் ஆஃப்சைடு. பாதிச் சண்டை இதில்தான். அதனால் இதற்குக் கொஞ்சம் பொறுமையாக நேரம் கொடுங்கள்.

பந்தை வாங்குகிறவன் எங்கே நின்று வாங்கினான் என்பது கணக்கே இல்லை. கொடுக்கிறவன் கால் பந்தில் பட்ட அந்த நொடியில் இவன் எங்கே இருந்தான் என்பதுதான் கணக்கு. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போவதால், நாம் இவனைப் பார்க்கும்போது அவன் நாலைந்து எட்டு ஓடியிருப்பான். அதனால்தான் மாடியே ஒன்றாக "ஆஃப்சைடு!" என்று கத்துகிறது, அடுத்து ரீப்ளேயில் பார்த்தால் ஆன்சைடு.

பழகும் வழி இது. மிட்ஃபீல்டில் பந்து வைத்திருப்பவன் தலையைத் தூக்கி முன்னால் பார்க்கிறானா? உடனே உங்கள் கண் அவனை விட்டுவிட வேண்டும். டிஃபென்ஸின் கடைசி வரிசைக்குப் போங்கள். மைதானத்தில் லைன்மேன் செய்வதும் அதேதான். அவர் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளுக்கு நேராக நகர்ந்துகொண்டே இருப்பார். கண் கோட்டில் இருக்கும், உதைக்கிற சத்தத்தைக் காதுதான் பிடிக்கும். காந்தி மைதானத்தில் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் எதிர்ப்பக்கக் கோட்டில் நிற்கும் ஆள் எனக்கு மங்கலாகத்தான் தெரிவார். அப்போதும் உதை விழும் சத்தம் தெளிவாகக் கேட்கும், அதை வைத்தே கொடி தூக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பேன். டிவியில் சத்தம் உதவாது. அதற்குப் பதிலாகப் புல்லில் வெட்டியிருக்கும் பட்டைகள் இருக்கின்றன. பெரும்பாலான ஸ்டேடியங்களில் அவை கோல் கோட்டுக்கு இணையாகவே ஓடும். கேமரா சாய்வாக இருந்தாலும் யார் எந்தப் பட்டையில் நிற்கிறார் என்று பார்த்தால் கண் ஏமாறாது.

அப்புறம், இவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. தன் பாதியில் நிற்பவனுக்கும் கிடையாது. கையும் முழங்கையும் கணக்கில் வராது. டிஃபெண்டருக்குச் சமமாக நின்றால் ஆன்சைடு, 1990லிருந்து விதி அப்படித்தான். "கடைசியிலிருந்து இரண்டாவது ஆள்" என்பதில் கீப்பரும் சேர்த்தி. கீப்பர் முன்னேறி வந்துவிட்டால் பின்னால் ஒரே ஒரு டிஃபெண்டர் நின்றாலும் ஆஃப்சைடு வரலாம். இதை எங்கள் மாடியில் நான் எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் நம்ப மறுப்பார்.

ஆஃப்சைடு இடத்தில் சும்மா நிற்பது குற்றமில்லை என்பதையும் மறக்காதீர்கள். பந்தைத் தொட்டானா, கீப்பரின் பார்வையை மறைத்தானா, டிஃபெண்டரைத் தடுத்தானா என்று பார்க்க வேண்டும். கோல் விழுந்ததும் எல்லோரும் அடித்தவனைப் பார்ப்பார்கள். நீங்கள் கீப்பர் முன்னால் யார் நின்றார்கள் என்று பாருங்கள். வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து உதவும் ரெஃப்ரி) இருக்கும் லீகில் லைன்மேன் கொடியைத் தாமதமாகத் தூக்கினால் அவர் தூங்கவில்லை. நெருக்கமான ஆஃப்சைடாக இருந்தால் அட்டாக் முடியும்வரை காத்திருக்கச் சொல்லித்தான் அவருக்கு உத்தரவு.

ஃபவுல், கை, கார்டு

எங்கள் மாடியில் ஒரு உரையாடல் அடிக்கடி நடக்கும்.

"அண்ணா, கை பட்டுச்சுல்ல?"

"பட்டுச்சு தம்பி. கை எங்க இருந்துச்சு, அதைச் சொல்லு."

கையில் பட்டதெல்லாம் ஹேண்ட்பால் இல்லை. வேண்டுமென்றே தொட்டானா, இல்லையென்றால் அந்த அசைவுக்குத் தேவையில்லாத அளவுக்குக் கையை விரித்து உடம்பைப் பெரிதாக்கினானா என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கோல் அடிக்கிறவனின் கையில் தெரியாமல் பட்டு நேராக உள்ளே போனாலும், பட்ட உடனே அவனே அடித்தாலும் கோல் செல்லாது.

கோல் வாய்ப்பைக் கெடுத்த ஃபவுலுக்குச் சிவப்பு அட்டையா என்ற சண்டையில் நான்கு கேள்வி கேளுங்கள். கோலுக்கு எவ்வளவு தூரம்? ஆட்டம் கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததா? பந்து அவன் கட்டுப்பாட்டுக்கு வந்திருக்குமா? மற்ற டிஃபெண்டர்கள் எங்கே, எத்தனை பேர்? நான்காவது கேள்விக்குப் பதில் ஃபவுல் நடந்த இடத்தில் கிடைக்காது, கொஞ்சம் தள்ளித்தான் பார்க்க வேண்டும். பெனால்டி பாக்ஸுக்குள் பந்தை விளையாட முயன்று தவறியவனுக்கு பெனால்டியோடு மஞ்சள் போதும். சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் சிவப்புதான்.

ஒரு உதாரணம், 2023 மார்ச் 3. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நாக்அவுட், பெங்களூருவும் கேரளா பிளாஸ்டர்ஸும். கூடுதல் நேரத்தில் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் கீப்பர் ஆட்களைச் சுவர் மாதிரி வரிசையாக நிறுத்திக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தைத் தூக்கி உள்ளே போட்டார். ரெஃப்ரி கோல் கொடுத்தார். கோச் இவான் வுகோமனோவிச் தன் டீமை மைதானத்தை விட்டு வெளியே கூட்டிப் போனார். பிற்பாடு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் கோச்சுக்கு 10 மேட்ச் தடையும் போட்டது.

கூடலூர், பந்தலூர் பக்கம் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டைக்காரர்கள் ஏராளம். எங்கள் கூட்டத்திலும் இருக்கிறார்கள், என் மச்சானே அந்தக் கட்சி. இந்தக் கோலைப் பற்றி இன்றும் அவரோடு பேச முடியும், ஏனென்றால் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். ஃப்ரீ கிக் கிடைத்த டீம் விசிலுக்குக் காத்திருக்காமல் சட்டென்று அடிக்கலாம். எதிரிகள் 9.15 மீட்டர் தள்ளி நிற்கவில்லையே என்று அவர்களுக்குக் கவலை இல்லையென்றால் அது அவர்கள் இஷ்டம். ஆனால் ரெஃப்ரி சுவரைத் தள்ளி வைக்கிற வேலையில் இறங்கிவிட்டால், விசிலைக் காட்டி "ஊதிய பிறகு அடி" என்று சொல்லிவிட்டால், ஊதாமல் அடிப்பது செல்லாது. ஆக, கேள்வி சேத்ரி கெட்டிக்காரரா ஏமாற்றுக்காரரா என்பதே இல்லை. அதற்கு முந்தைய சில நொடிகளில் ரெஃப்ரி என்ன சைகை செய்தார், யாரிடம் என்ன சொன்னார்? நாம் அத்தனை பேரும் பந்தையும் சேத்ரியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து எந்த ஃப்ரீ கிக்கிலும் என் கண் முதலில் ரெஃப்ரியின் கைக்குத்தான் போகும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விசிலைத் தொட்டுக் காட்டினாரா, காலடி எண்ணி நடந்தாரா, ஸ்ப்ரே போட்டாரா? அதைப் பார்த்தவன் சொல்லும் வார்த்தைக்கு மாடியில் தனி மரியாதை.

வி.ஏ.ஆர்.

பிரீமியர் லீகில் 2019-20 சீசனில் வந்தது. எல்லாவற்றையும் அது பார்க்காது. கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டியது, முக்கியமாக இவைதான். மிட்ஃபீல்டில் விட்டுப்போன ஒரு ஃபவுலுக்காக "வி.ஏ.ஆர். என்ன பண்ணுது?" என்று கேட்பதில் பொருளில்லை. அதே அட்டாக்கில் கோல் விழுந்திருந்தால் மட்டும் கேட்கலாம்.

ஸ்கிரீனில் செக் நடக்கும்போது "பெனால்டியா?" என்று வாதாடாதீர்கள். "மைதானத்தில் ரெஃப்ரி என்ன கொடுத்தார்?" என்பதில் தொடங்குங்கள். வி.ஏ.ஆர். அறையில் கேட்கப்படுவது அது தெளிவான, அப்பட்டமான தப்பா என்றுதான். ஐம்பதுக்கு ஐம்பது விஷயம் என்றால் மைதானத்து முடிவே நிற்கும். ஒரு வாரம் பெனால்டி கொடுத்து, அதே மாதிரி இன்னொன்றுக்கு அடுத்த வாரம் கொடுக்காமல் போவது இப்படித்தான் நடக்கிறது. இது நியாயமா என்று தாராளமாகச் சண்டை போடுங்கள், அது நல்ல சண்டை.

மைதானத்து முடிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023 செப்டம்பர் 30 டாட்டன்ஹாம் - லிவர்பூல் மேட்ச் போதும். லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு லைன்மேன் ஆஃப்சைடு கொடுத்தார். வி.ஏ.ஆர். பார்த்தது, ஆன்சைடு என்று சரியாகவே கண்டுபிடித்தது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு "செக் முடிந்தது" என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது, பிறகு திருத்த வழியில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. ரெஃப்ரி அமைப்பே தப்பை ஒப்புக்கொண்டது. அது சதி இல்லை, வி.ஏ.ஆர். அறைக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு சொல் மாறிப்போனது. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் கோபமும் சரியான இடத்துக்குப் போகும்.

காசு வாங்கினான் என்ற பேச்சை மட்டும் எங்கள் கூட்டத்தில் நாங்கள் அனுமதிப்பதில்லை. ஆதாரம் இல்லாமல் ஒருவரைத் திருடன் என்பது பாவம். உள்ளூரில் கொடி பிடிக்கும் பசங்களிடம் இந்தப் பேச்சு வந்து விழும்போது அவர்கள் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். நல்ல பசங்க சிலர் அதனாலேயே கொடியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

டாக்டிக்ஸ்

மேட்ச் தொடங்கும்போது 4-3-3, 3-4-3 என்று (பின்னால், நடுவில், முன்னால் எத்தனை பேர்) ஸ்கிரீனில் ஒரு படம் போடுவார்கள். அதை ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பந்து தன்னிடம் இருக்கும்போது ஒரு உருவம், எதிரியிடம் இருக்கும்போது வேறு உருவம் என்று ஒரு டீமுக்கு இரண்டு உருவம் உண்டு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் டாக்டிக்ஸ் பேச முடியும்.

பார்க்கச் சிறந்த நேரம் கோல் கிக். கேமரா விரியும், பாதி மைதானத்துக்கு மேல் தெரியும். கீப்பர் பந்தை வைக்கும்போது அவரைப் பார்க்காதீர்கள். எதிர் டீமில் எத்தனை பேர் ஏறி வந்து நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்து, ஆறு பேர் என்றால் பிரெஸ் பண்ண, அதாவது நெருக்கிப் பந்தைப் பறிக்கப் போகிறார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் காலி இடம் இருக்கும். ஒருவர் மட்டும் என்றால் பின்வாங்கிக் காத்திருக்கிறார்கள். இந்த ஒரு எண்ணிக்கையை முதல் 15 நிமிஷமும், 60ஆவது நிமிஷத்துக்கு அப்புறமும் எடுத்தால் எந்த டீம் களைத்துவிட்டது என்று கமெண்டேட்டர் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, தன் வழக்கமான இடத்தை விட்டு வேறு இடத்துக்கு நடந்துபோகிற ஆளைத் தேடுங்கள். மான்செஸ்டர் சிட்டி மூன்று கோப்பையும் ஜெயித்த 2022-23 சீசனில் ஜான் ஸ்டோன்ஸ் டிஃபெண்டர். ஆனால் பந்து சிட்டியிடம் வந்ததும் மிட்ஃபீல்டுக்கு ஏறி ரோட்ரியோடு போய் நிற்பார். பந்தைத் தொடாமலே எதிரியின் கணக்கை மாற்றிவிடுவார், நடுவில் சிட்டிக்கு ஓர் ஆள் கூடுதல். கோலடித்த ஹாலண்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஸ்டோன்ஸ் எங்கே நின்றார் என்று சொல்பவர் மேட்ச் பார்த்திருக்கிறார்.

கார்னரிலும் அப்படித்தான். 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். ஃபைனல், அதே கண்டீரவா. சேத்ரி முதலில் அடித்துவிட்டார். சென்னையின் எஃப்.சி. டீமின் சென்டர் பேக் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரில் இரண்டு முறை தலையால் அடித்தார், கடைசியில் சென்னை 3-2 என்று கோப்பையை எடுத்தது. பெங்களூரு கூட்டத்துக்கு நடுவில் அப்படி ஜெயித்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும். அந்த இரண்டு கார்னரையும் மறுபடி போட்டுப் பாருங்கள். பந்து வரும் வழியைப் பார்க்காமல் மெயில்சன் எங்கிருந்து ஓடி வருகிறார், அவரைக் காவல் காக்கிறவர் எப்போது பின்தங்குகிறார் என்று மட்டும் பாருங்கள். கார்னர் அதிர்ஷ்டம் என்று அதற்கப்புறம் சொல்ல மாட்டீர்கள்.

மேனேஜர்

இதில் எங்கள் மாடியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், நன்றாக வேலை செய்கிறது. சொல்ல வேண்டியதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சப் போர்டு மேலே வருவதற்கு முன் யார் வெளியே, யார் உள்ளே, ஏன் என்று சொன்னால் அந்த வாதம் செல்லும். கோல் விழுந்த பிறகு "அப்பவே மாத்தியிருக்கணும்" என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம். இடைவேளை 15 நிமிஷம். ஆளுக்கு ஒரு மாற்றம் சொல்ல வேண்டும், காரணத்தோடு. காலேஜ் தம்பி ஒருவன் இதில் மாமாக்களையெல்லாம் தோற்கடித்துக்கொண்டிருக்கிறான்.

சரியாகச் சொல்ல வேண்டுமானால் பெஞ்சைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டீம் லிஸ்ட் மேட்ச்சுக்கு முன்பே வந்துவிடும், அதில் பதினோரு பேரை விட்டு மீதிப் பெயர்களைப் படியுங்கள். லெஃப்ட் பேக்கே இல்லாத பெஞ்சை வைத்துக்கொண்டு லெஃப்ட் பேக்கை மாற்றவில்லை என்று மேனேஜரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஐந்து சப் உண்டு, ஆனால் இடைவேளை நீங்கலாக மூன்று தடவைதான் ஆட்டத்தை நிறுத்தி மாற்றலாம். 55ஆவது நிமிஷத்தில் ஒருவர், 60இல் ஒருவர், 65இல் ஒருவர் என்று மாற்றினால் மூன்றும் தீர்ந்தது. கடைசி நேரத்தில் ஆள் அடிபட்டால் மாற்ற வழி இருக்காது. இந்தக் கணக்கில்தான் சில மேனேஜர்கள் சும்மா நிற்பது போலத் தெரிவார்கள்.

எடுத்த முடிவையும் வந்த ரிசல்ட்டையும் பிரித்துப் பாருங்கள். நல்ல முடிவெடுத்தும் தோற்கலாம். 2016 செப்டம்பரில் செல்சி ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றது. முதல் பாதியிலேயே மூன்றும் விழுந்துவிட்டன. இரண்டாம் பாதியில் செல்சி மேனேஜர் அன்டோனியோ கான்டே பின்னால் மூன்று பேரை வைத்து 3-4-3க்கு மாறினார். அன்று அதனால் ஸ்கோர் மாறவில்லை. அதையே பிடித்துக்கொண்டு அடுத்த 13 லீக் மேட்சையும் தொடர்ந்து ஜெயித்தார், அந்த சீசன் பட்டம் செல்சிக்குத்தான். அன்றைய தோல்விக்கு நடுவில் அந்த மாற்றத்தைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது. 2019-20 சீசன் தொடக்கத்தில் கோல் அடிக்கவே திணறிய சென்னையின் எஃப்.சி.க்கு டிசம்பரில் ஓவன் காயில் மேனேஜராக வந்தார், ஃபைனல் வரை கூட்டிப்போனார். ஃபைனலில் கோவாவில் ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸுக்குப் பந்து எங்கே, எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தது என்று முன்னாலும் பின்னாலும் ஒப்பிட்டுப் பேசுங்கள். ஒரு மேனேஜர் என்ன செய்ய முடியும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சீசன் நமக்கு வேறு இல்லை என்பது என் கருத்து.

டிவியில் மட்டும் பார்த்தால் ஓரளவுக்குமேல் பழக்கம் வராது. உள்ளூர் மேட்ச் நடக்கும்போது காந்தி மைதானத்துக்கு வாருங்கள். படிக்கட்டில் நடுவாக உட்காராமல், பாக்ஸுக்கு நேராகக் கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். கடைசியிலிருந்து இரண்டாவது ஆளோடு நீங்களும் நகருங்கள். கொடி எழும்புவதற்கு முன்னால் மனசுக்குள் முடிவு சொல்லிப் பாருங்கள். கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஃபாப் அமைப்பின் விதிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, 11, 12, 13ஆம் விதிகளை மட்டும் முதலில் படியுங்கள். ஒரு மாசம் இப்படிச் செய்த பிறகு ஆர்வம் இருந்தால் டோர்னமென்ட் நடத்துபவர்களிடம் போய்க் கேளுங்கள். லைன்மேனுக்கு எப்போதும் ஆள் குறைவுதான், கொடியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.